முந்தின ராத்திரி ரோபோ: நெஞ்சுப் பலகை எரியாவிட்டால் எங்கே கை வைப்பது

மாறுவேடப் போட்டிக்குப் பாரதியார், கத்திரிக்காய், டிராபிக் போலீஸ் எல்லாம் தீர்ந்துபோன ஒரு வருஷத்தில்தான் அக்கா மகனின் பள்ளி டைரியில் 'ரோபோ' என்று எழுதி வந்தது. அன்றிலிருந்து எங்கள் தெருவில் யார் வீட்டுப் பிள்ளை ரோபோ ஆனாலும் நெஞ்சுப் பலகை எங்கள் வீட்டில்தான் தயாராகிறது. இதுவரை ஒன்பது பலகை. ஒன்பதும் ஏதோ ஒரு விதத்தில் படுத்தியிருக்கின்றன, அதுவும் பெரும்பாலும் விழாவுக்கு முந்தின ராத்திரி பதினோரு மணிக்கு மேல், கடை எல்லாம் சாத்தின பிறகு. உங்கள் பலகை எப்படிப் படுத்துகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். அடுத்த மூன்று பத்திகளை மட்டும் தாண்டாதீர்கள்.

நான் சொல்லும் பலகை இதுதான். ஏ4 தாள் அளவில் ஒரு ஃபோம் ஷீட். அதன்மேல் செத்துப்போன ரூட்டரின் போர்டு, டிவி ரிமோட்டின் ரப்பர் பட்டன்கள், பழைய கம்ப்யூட்டரிலிருந்து உருவிய பட்டை ஒயர், உடைந்த கீபோர்டுக்குள் இருக்கும் வெள்ளிக் கோடு போட்ட கண்ணாடித் தாள். எல்லாம் காயலாங்கடையில் எடை போட்டு வாங்கியவை. இவற்றில் எதிலும் கரண்ட் ஓடாது. சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் பிணங்கள். உயிருள்ளவை 12 எல்இடி, 12 ரெசிஸ்டர் (எல்இடிக்குப் போகும் கரண்ட்டை மட்டுப்படுத்தும் சின்னத் துண்டு), ஒரு சுவிட்ச், மூன்று ஏஏ பேட்டரி போடும் ஒரு பெட்டி. பார்க்க ராக்கெட், உள்ளே டார்ச் லைட். பிணமும் உயிரும் எங்கேயும் தொட்டுக்கொள்ளக் கூடாது. 'பழைய போர்டில் இருக்கும் எல்இடியையே எரிய வைக்கலாமே' என்று ஆசை வரும். வேண்டாம். எந்தக் கோடு எங்கே போகிறது என்று தேடியே விடிந்துவிடும்.

காயலாங்கடையில் எதைத் தொடக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய பிளாஷ் கேமராவுக்குள் ஒரு கப்பாசிட்டர் இருக்கும். 300 வோல்ட் வரை பிடித்து வைத்திருக்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும் அடிக்கும். கம்ப்யூட்டர் பவர் சப்ளை பெட்டியும் அப்படித்தான். நம் வீட்டு 230 வோல்ட் அதற்குள் போய் 320 வோல்ட் டிசியாக மாறி உட்கார்ந்திருக்கும். மைக்ரோவேவ் அடுப்பு, பெட்டி டிவி இரண்டும் பக்கத்திலேயே போகாதீர்கள். சிஎஃப்எல் பல்பில் பாதரசம் உண்டு. லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுக்கும் 18650 என்ற லித்தியம் செல்லில் ஒரு ஷார்ட் ஆனால் போதும், தீப்பிடிக்கும். அதைக் குழந்தையின் நெஞ்சில் கட்டுவதாவது!

அப்புறம் தீபாவளிக்கு வாங்கின சீரியல் செட். அது நேராக 230 வோல்ட்டில் ஓடுவது. அதிலிருந்து எல்இடியைக் கத்தரித்து எடுத்து, ரெசிஸ்டர் போட்டு 4.5 வோல்ட்டில் பயன்படுத்தலாம். செட்டை அப்படியே உடையில் சுற்றி பிளக்கில் மாட்டுவது மட்டும் எந்தக் காலத்திலும் கூடாது.

ஒன்றுமே எரியவில்லை

முதலில் பேட்டரி. சிரிக்காதீர்கள், இரண்டு தடவை எனக்கே நடந்தது: மூன்றில் ஒன்றைத் திருப்பிப் போட்டிருந்தேன். அடுத்து பெட்டியின் ஸ்பிரிங். பழைய ரிமோட்டிலிருந்து எடுத்த பெட்டியென்றால் ஸ்பிரிங்கில் பாசி மாதிரி ஒரு படலம் இருக்கும். உப்புத்தாளால் தேய்த்தால் பாதி நோய் அங்கேயே தீரும்.

அதுவும் இல்லையென்றால் எல்இடி திரும்பியிருக்கிறது. புது எல்இடியில் நீளக் கால் பிளஸ். கழற்றி எடுத்ததில் இரண்டு காலும் ஒரே அளவாக வெட்டுப்பட்டிருக்குமே, அதற்கு என்ன வழி? வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். உள்ளே இரண்டு உலோகத் துண்டு தெரியும். பெரியது, கிண்ணம் மாதிரி இருப்பது, பெரும்பாலும் மைனஸ். அதைவிடச் சுலபம், 2032 என்று எழுதியிருக்கும் பட்டன் பேட்டரியை எல்இடியின் இரண்டு கால்களுக்கு நடுவே செருகிப் பார்ப்பது. எரிந்தால் சரி, எரியாவிட்டால் திருப்பிச் செருகுங்கள், அப்போதும் எரியாவிட்டால் குப்பை. இந்தச் சோதனைக்கு ரெசிஸ்டர் வேண்டாம். அந்தச் சின்ன பேட்டரியால் பெரிதாக எதையும் தள்ள முடியாது. ஒட்ட ஆரம்பிக்கும் முன் 12-ஐயும் இப்படிப் பார்த்துவிடுங்கள். முடிந்ததும் பட்டன் பேட்டரியை உங்கள் சட்டைப் பையிலேயே வையுங்கள். சின்னப் பிள்ளை விழுங்கிவிட்டால் உணவுக்குழாயை அரித்துவிடும், இரண்டு மணி நேரம்கூடப் பொறுக்காது.

வோல்ட், கரண்ட் அளக்கும் மல்டிமீட்டரில், எல்இடி போன்றவற்றைச் சோதிக்கும் டையோடு நிலையில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பல மீட்டர்களில் சிவப்பு மங்கலாக எரியும், நீலமும் வெள்ளையும் அசையாது. மீட்டரின் சோதனை வோல்டேஜ் அவற்றுக்குப் பற்றாது. அதை நம்பி நல்ல நீல எல்இடிகளைத் தூக்கிப் போட்டவன் நான்.

இன்னொன்று, தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது. இயர்போன் ஒயரை வெட்டி எடுத்து ஈயம் வைத்திருப்பீர்கள் (சோல்டரிங்). ஈயம் பளபளவென்று உருண்டையாக உட்கார்ந்திருக்கும், தொடர்பு இருந்தால் மீட்டரில் வர வேண்டிய 'பீப்' வராது. அந்த ஒயருக்குள் தலைமுடி மாதிரி சிவப்பும் பச்சையுமாக இழைகள் இருக்கின்றனவே, அந்த நிறம் வார்னிஷ். ஒவ்வொரு இழைக்கும் தனி உறை. தீக்குச்சியால் ஒரு நொடி சுட்டு, உப்புத்தாளால் செம்பு தெரியும்வரை தேய்த்த பிறகுதான் ஈயம் பிடிக்கும். உருண்டையாக நிற்கும் ஈயம் பிடிக்காத ஈயம். பிடித்த ஈயம் வாழை இலையில் நெய் ஊற்றின மாதிரி பரவி நிற்கும்.

சிவப்பு மட்டும் எரிகிறது, நீலம் செத்துக் கிடக்கிறது

ரெசிஸ்டரில் மிச்சம் பிடித்திருக்கிறீர்கள். எல்லா எல்இடியையும் பக்கவாட்டில் சேர்த்துக் கட்டி, மொத்தத்துக்கும் ஒரே ஒரு ரெசிஸ்டர் போட்டால் இதுதான் நடக்கும். கீழ் வீட்டில் குழாய் திறந்திருந்தால் மாடி வீட்டுக்குத் தண்ணீர் ஏறுமா? சிவப்புக்கு 2 வோல்ட் போதும்; நீலத்துக்கும் வெள்ளைக்கும் 3 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். சிவப்பு 2 வோல்ட்டிலேயே எல்லாவற்றையும் குடித்துவிடும். நீலம் வரை மட்டம் ஏறவே ஏறாது.

எல்இடி ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர். கணக்கு சுலபம்: பேட்டரி வோல்ட்டிலிருந்து எல்இடி வோல்ட்டைக் கழித்து, ஓட வேண்டிய கரண்ட்டால் வகுங்கள். 4.5-இல் 2 போக 2.5, 10 மில்லிஆம்ப், அதாவது 0.01 ஆல் வகுத்தால் 250. கடையில் 220 அல்லது 270 ஓம் கிடைக்கும், எது கிடைத்தாலும் சரி. நீலத்துக்கு 4.5-இல் 3.1 போக 1.4, 140 வருகிறது, 150 ஓம் போடுங்கள். சாதாரண 5 மில்லிமீட்டர் எல்இடி 20 மில்லிஆம்ப் வரை தாங்கும், ஆனால் 10-லேயே கண்ணுக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பேட்டரிதான் இரண்டு மடங்கு நிற்கும்.

இரண்டு பேட்டரியோடு, 3 வோல்ட்டில் நிறுத்தியிருந்தால் நீலம் புது பேட்டரிக்கு மங்கலாக எரிந்து, ஒத்திகை முடிவதற்குள் அணைந்துவிடும். சார்ஜ் செய்யும் ஏஏ என்றால் ஒன்று 1.2 வோல்ட்தான், இரண்டு போட்டால் 2.4, நீலம் எட்டிக்கூடப் பார்க்காது. அதனால்தான் மூன்று.

பளிச்சென்று ஒரு மின்னல், அதோடு சரி

9 வோல்ட் பேட்டரியில் ரெசிஸ்டர் இல்லாமல் தொட்டிருக்கிறீர்கள். எல்இடி போய்விட்டது, திரும்ப வராது. சாகாமல் தப்பினது நிறம் மாறி மங்கலாக எரியும். அதையும் எடுத்துப் போடுங்கள், மேடையில் காலை வாரும்.

பழைய காலிங் பெல்லிலிருந்தோ பாட்டு வாழ்த்து அட்டையிலிருந்தோ 'யூஎம் 66' என்ற மெலடி ஐசியை (பாட்டு வாசிக்கும் சில்லு) எடுத்தவர்களுக்கும் இதே பதில். பார்க்க டிரான்சிஸ்டர் மாதிரி மூன்று காலோடு இருக்கும். 3 வோல்ட் போதும் அதற்கு. 9 வோல்ட் கொடுத்தால் ஒரு கீச்சுச் சத்தம், பிறகு நிரந்தர மௌனம். என்னைக் கேட்டால் பாட்டே வேண்டாம். மேடைக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகள் நடுவே அந்தப் பாட்டு அரைமணி நேரம் ஓடினால் டீச்சரே பேட்டரியைப் பிடுங்கிவிடுவார்.

மேசையில் எரிகிறது, மாட்டினால் எரியவில்லை

ஒன்பது பலகையில் ஐந்துக்கு வந்தது இந்த நோய்தான். மேசை அசையாது, வியர்க்காது, குனிந்து ஷூ லேஸ் கட்டாது. உடம்பு இவ்வளவும் செய்யும்.

முதல் ரோபோவின் கதை. அக்கா மகனுக்கு அட்டைப் பெட்டி உடம்பு, முழுக்க சமையலறை அலுமினியத் தாள் சுற்றியது. வீட்டில் பத்து தடவை போட்டுப் பார்த்தோம், ஜோராக எரிந்தது. பள்ளியில் இவன் முறைக்கு இன்னும் மூன்று பேர். "மாமா, லைட் போச்சு" என்றான், உதடு துடிக்கிறது. சுவிட்சைத் தட்டினேன், ஒன்றும் இல்லை. பேட்டரிப் பெட்டியில் கை வைத்தால் சுட்டது. சூடு என்றால் கரண்ட் எங்கேயோ ஓடுகிறது, எல்இடி வழியாக மட்டும் ஓடவில்லை. பலகையைப் பிரித்து விளிம்பைத் தூக்கினேன். பின்பக்கம் எல்இடியின் கால்கள் மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தன. அவன் உட்கார்ந்து எழுந்ததில் அலுமினியத் தாள் கசங்கி பிளஸ் ஒயரையும் மைனஸ் ஒயரையும் ஒரே மடிப்பில் பிடித்திருந்தது. கையில் டேப் இல்லை. விழா அழைப்பிதழை நான்காக மடித்துப் பலகைக்கும் தாளுக்கும் நடுவே செருகினேன். எரிந்தது. சிறப்பு விருந்தினரின் பெயர் அச்சடித்த பக்கம் ரோபோவின் வயிற்றுக்குள் இருந்தபடியே இரண்டாம் பரிசு வாங்கினான்.

ஆகவே, அலுமினியத் தாள் கம்பிக்குச் சமம். பலகையின் முதுகில் முழுக்க சார்ட் அட்டையோ ஃபோமோ ஒட்டி மூடுங்கள். எல்இடியின் இரண்டு கால்களில் ஒன்றுக்காவது உறை போடுங்கள். ஒயரின் தோலை உருவி எடுத்தால் அதுவே உறை. ஐசி செருகி வரும் கறுப்பு ஃபோம் இருக்கிறதே, அதை மெத்தையாக வைக்க வேண்டாம். அதற்குள் கரித்தூள் கலந்திருக்கும், கரண்டைக் கடத்தும்.

பெட்டி சுடாமல் விளக்கு மட்டும் அணைந்தால் ஒயர் அறுந்திருக்கிறது. உறைக்குள்ளேயே அறுந்திருக்கும், வெளியே தெரியாது. லேன் கேபிளுக்குள் இருக்கும் ஒற்றைக் கம்பியைப் பயன்படுத்தியவர்களுக்கு இது கட்டாயம் வரும். சுவருக்குள் அசையாமல் கிடக்கப் பிறந்த கம்பி அது, நாலு தடவை மடித்தால் ஒடிந்துவிடும். உடம்பில் போவதற்கு இழை ஒயர் வேண்டும். கம்ப்யூட்டர் பட்டை ஒயரே நல்லது. பெரும்பாலும் இழைகளாக இருக்கும், வேண்டிய அகலத்துக்குக் கிழித்துக்கொள்ளலாம்.

ஒடிவது எப்போதும் ஈயம் வைத்த இடத்துக்குப் பக்கத்தில்தான். ஈயம் ஏறின இழை கம்பியாக இறுகிவிடும். அது முடியும் இடத்தில் மடிப்பு விழும். ஒரு விரற்கடை தள்ளி க்ளூ கன்னால் ஒயரைப் பலகையோடு ஒட்டிவிட்டால் இழுப்பு அங்கேயே நின்றுவிடும். பேட்டரிப் பெட்டியிலிருந்து வரும் ஒயருக்கு, பலகையின் ஓட்டைக்கு உள்பக்கம் ஒரு முடிச்சு. பிள்ளை பெட்டியைப் பிடித்து இழுத்தாலும் முடிச்சுதான் தாங்கும்.

நடக்கும்போது மட்டும் மினுக்குகிறது

மேலே சொன்னதன் தங்கை. பேட்டரி பெட்டிக்குள் குலுங்குகிறது. மூன்று பேட்டரியின் முதுகிலும் ஒரு துண்டு ஃபோம் வைத்து மூடியை ரப்பர் பேண்டால் கட்டுங்கள். பெட்டியை இடுப்பில் வைக்காமல் பலகையின் முதுகில் ஒட்டினால் இன்னும் நல்லது, ஒயரே குறுகிவிடும். ஒரு பிள்ளைக்கு மட்டும் நான் இதைச் சரிசெய்யவில்லை. அவன் நடந்தபோது விட்டு விட்டு எரிந்தது அவ்வளவு அழகாக இருந்தது.

ஓடும் விளக்கு வரிசையாக ஓடாமல் தாவுகிறது

555, 4017 என்ற இரண்டு ஐசியை வைத்து ஓடும் விளக்கு கட்டியவர்களுக்கு. 555 தாளம் தட்டும், 4017 அதை எண்ணி எல்இடிகளை ஒவ்வொன்றாக எரிய வைக்கும். 4017-இன் கால்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எல்இடிக்குக் கொடுத்திருப்பீர்கள். அந்த ஐசி அப்படி எண்ணாது. அதன் வரிசை 3, 2, 4, 7, 10, 1, 5, 6, 9, 11. ஒரு சீட்டில் எழுதி கண்ணெதிரே ஒட்டிக்கொண்டு ஒயரை மாற்றுங்கள்.

கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே ஓட்டம் மாறுகிறது, பேய் பிடித்த மாதிரி ஆடுகிறது என்றால் 13-ஆம் காலும் 15-ஆம் காலும் அந்தரத்தில் தொங்குகின்றன. இரண்டையும் மைனஸில் கட்டுங்கள். ஒரு சமயத்தில் ஒரு எல்இடிதான் எரியும் என்பதால், இங்கே மட்டும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போடலாம்.

கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடுகிறது, மற்ற எல்இடிகள் எரிந்துகொண்டுதான் இருக்கின்றன என்றால் கோளாறு வோல்ட்டில். சாதாரண 555-க்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும். மூன்று ஏஏ புதிதாக இருக்கும்போது சரியாக அந்த வாசலில் நிற்கும். பத்து நிமிஷத்தில் படி இறங்கிவிடும். நாலாவது பேட்டரி போட்டு 6 வோல்ட் ஆக்குங்கள், அப்போது மற்ற எல்இடிகளின் ரெசிஸ்டர் கணக்கையும் திரும்பப் போட வேண்டியிருக்கும். எல்லாமே மிக வேகமாக ஓடி ஒன்றாகவே எரிவது போலத் தெரிந்தால் 555-இன் கப்பாசிட்டர் சின்னது. 1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரும் 100 கிலோஓம் திருகும் (திருப்பினால் அளவு மாறும் ரெசிஸ்டர்) இருந்தால் நொடிக்கு ஏழு தட்டலிலிருந்து மேலே திருகிக்கொள்ளலாம். 10 மைக்ரோஃபாரட் போட்டால் நிதானமாக நடக்கும்.

இவ்வளவு தொல்லை வேண்டாம் என்பவர்கள் தானாக மினுக்கும் எல்இடி வாங்கிக்கொள்ளுங்கள். சென்னை ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அதற்குள்ளேயே குட்டி ஐசி இருக்கிறது. மூன்றைப் போட்டால் ஒவ்வொன்றும் தன் போக்கில் மினுக்கும், மூளை ஓடுவது போலவே இருக்கும். நாலாவது பலகைக்குப் பிறகு நான் 4017 பக்கமே போகவில்லை.

பவர் பேங்க் அரை நிமிஷத்தில் தானாக அணைகிறது

பவர் பேங்க் கெடவில்லை. போன் சார்ஜ் ஆகி முடிந்தது என்று நினைத்துத் தூங்கிவிடுகிறது. நாலைந்து எல்இடி இழுக்கும் 50 மில்லிஆம்பெல்லாம் பல பவர் பேங்குகளின் கண்ணுக்கே தெரியாது. எல்இடியைக் கூட்டுங்கள், இல்லையென்றால் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே 47 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சும்மா போட்டுவிடுங்கள். 5 வோல்ட்டில் அது 100 மில்லிஆம்புக்கு மேல் இழுக்கும், பவர் பேங்க் விழித்திருக்கும். அரை வாட் சூடு வரும். கால் வாட் ரெசிஸ்டர் கருகிவிடும். 1 வாட்டானாலும் தோலுக்குப் பக்கத்திலோ அலுமினியத் தாளிலோ படாமல் வையுங்கள்.

ஆனாலும் சின்னப் பிள்ளைக்கு லித்தியம் பேட்டரியைக் கட்டிவிட எனக்கு மனசு வருவதில்லை. மூன்று ஏஏ ஷார்ட் ஆனால் பெரும்பாலும் சூடாவதோடு நின்றுவிடும்.

பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது

சதுரமாக இருக்கும் 9 வோல்ட்டைப் போட்டிருப்பீர்கள். உருவம்தான் பெரிது. நல்ல அல்கலைன் 9 வோல்ட்டில் 500 மில்லிஆம்ப் மணி சுமாருக்கு இருக்கும், ஏஏ-வில் 2000-க்கு மேல். மேலே சொன்ன 12 எல்இடி மொத்தம் 120 மில்லிஆம்ப். மூன்று ஏஏ அல்கலைன் காலை ஒத்திகை, மாலை விழா, அப்புறம் பாட்டி வீட்டில் ஒரு காட்சி என்று ஒரு நாளைத் தாண்டி நிற்கும். புதுசும் பழசும் கலந்து போடாதீர்கள்.

ஃபேன் சுற்றவில்லை

கம்ப்யூட்டர் ஃபேன் 12 வோல்ட் கேட்கும், 4.5-க்குப் பெரும்பாலும் அசையாது. லேப்டாப்பின் சின்ன ஃபேன் பெரும்பாலும் 5 வோல்ட், அது சுற்றும். தலைமுடி நீளமான பிள்ளைக்கு இரண்டுமே வேண்டாம்.

தெர்மாகோல் ஓட்டை விழுந்துவிட்டது, பாகங்கள் உதிர்கின்றன

வெள்ளி ஸ்பிரே பெயின்ட் அடித்தவுடன் தெர்மாகோல் சுருங்கி உள்வாங்கினால், பெயின்ட்டில் இருக்கும் தின்னர் அதைக் கரைத்துவிட்டது. ஃபெவிக்விக்கும் கரைக்கும். முதலில் ஃபெவிகாலைத் தண்ணீர் கலந்து இரண்டு பூச்சு பூசி, காயவிட்டு, பிறகு ஸ்பிரே. அந்த ஓட்டையை மறைக்கப் பார்க்காதீர்கள், சுற்றிக் கறுப்பு தடவி 'லேசர் பட்ட காயம்' என்று சொல்லிவிடலாம்.

க்ளூ கன் பசை வழவழப்பான பிளாஸ்டிக்கிலும் உலோகத்திலும் தோல் மாதிரி உரிந்து வரும். ஒட்டும் முன் இரண்டு பக்கமும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். கனமான பாகத்துக்குப் பசை மட்டும் போதாது. போர்டில் ஏற்கெனவே இருக்கும் திருகு ஓட்டை வழியாக ஒயரைக் கோத்து ஃபோமோடு தைத்துவிடுங்கள். மே மாத வெயிலில் காருக்குள் பலகையை விட்டுப் போனீர்களானால் திரும்பி வரும்போது பாகங்கள் எல்லாம் சீட்டில் கிடக்கும்.

குத்துகிறது, அரிக்கிறது, கனக்கிறது என்று பிள்ளை அழுகிறது

பிள்ளை சொல்வது சரி. போர்டின் பின்பக்கம் நூறு ஊசி. கட்டிங் பிளையரால் நறுக்கி, ஃபோம் ஒட்டி மூடுங்கள். போர்டை ரம்பத்தால் அறுத்திருந்தால் விளிம்பில் கண்ணாடி இழை நீட்டிக்கொண்டிருக்கும், தூள் தோலில் பட்டால் நாள் முழுக்க அரிக்கும். வாசலில் வைத்து, முகத்தில் துணி கட்டி, ஈரத்தோடு அறுங்கள்; விளிம்பில் டேப் ஒட்டுங்கள். பழைய போர்டுகளில் பாகங்களைப் பிடித்திருக்கும் பற்றில் நிஜ ஈயம், அதாவது லெட் என்ற நச்சு உலோகம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் அதற்குத் தடை போட்ட பிறகுதான் குறைய ஆரம்பித்தது. ஆகவே பிள்ளைகள் கையில் போர்டைக் கொடுக்காதீர்கள், நீங்களும் சோப்பு போட்டுக் கை கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

கனத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஹீட் சிங்க், அதாவது ஐசியின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் துண்டு. அந்த அலுமினியச் சீப்பு பார்க்க என்னவோ ஜோர்தான். பால் பாக்கெட் அட்டையை மடித்து வெள்ளி அடித்தால் பத்தடி தூரத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

எல்லாம் எரிகிறது, ஆனாலும் திருவிழாக் கடை பொம்மை மாதிரி இருக்கிறது

இதற்கு மீட்டர் உதவாது. நிறம் அதிகமாகிவிட்டது. ஒரு பலகைக்கு இரண்டே நிறம்: முக்கால்வாசி ஒன்று, கால்வாசி இன்னொன்று. நான் நீலத்தை நிறைய வைத்து ஒரே ஒரு சிவப்பைத் தனியாக மூலையில் விடுவேன். அந்த ஒற்றைச் சிவப்பைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள்.

எல்இடியின் முனை புள்ளியாகக் குத்தினால் மலிவாகத் தெரியும். உடைந்த எல்சிடி மானிட்டருக்குள், திரைக்குப் பின்னால், பால்நிறத் தாள்கள் மூன்று நான்கு இருக்கும். அதில் ஒரு துண்டை எல்இடிக்கு ஒரு விரல் உயரம் மேலே வைத்துப் பாருங்கள். புள்ளி மறைந்து சன்னல் ஒளிர்வது போல ஆகிவிடும். கிடைக்காவிட்டால் பட்டர் பேப்பர். அதன்மேல் கறுப்பு அட்டையில் கோடு கோடாக வெட்டி வைத்தால் அளவுமானி. கீபோர்டின் கண்ணாடித் தாளை வெளிச்சத்துக்கு முன்னால் வைத்தால் வெள்ளிக் கோடுகள் நிழலாக விழும். காசு செலவில்லாமல் இதைவிட எலெக்ட்ரானிக்காக எதுவும் தெரியாது.

மேடை விளக்கு நேரே விழுந்தால் எல்இடி எரிகிறதா என்றே தெரியாமல் போகும். ஒவ்வொன்றையும் ஒரு பாட்டில் மூடிக்குள் பதித்து, மூடியின் உள்பக்கம் கறுப்பு அடியுங்கள். நிழலுக்குள் இருக்கும் வெளிச்சம் தூரத்துக்கும் தெரியும்.

கடைசியாகக் கொஞ்சம் அழுக்கு. பளபளவென்று புதிதாக இருப்பது அட்டை என்று காட்டிக்கொடுத்துவிடும். கறுப்பு பெயின்ட்டைத் தண்ணீராகக் கரைத்துப் பூசி, உடனே துணியால் துடைத்தால் இடுக்கில் மட்டும் தங்கும். இருபது வருஷம் விண்வெளியில் சுற்றி வந்த ரோபோ ஆகிவிடும்.

வாசலில் செக்யூரிட்டி நிறுத்திவிட்டார்

நிறுத்தத்தான் செய்வார். ஒயர், பேட்டரி, மினுக்கும் விளக்கு, எல்லாம் டேப்பால் சுற்றி ஒரு பையில். நாம் கண்ட ரோபோவையா அவர் காண்பார்? 2007 செப்டம்பரில் பாஸ்டனின் லோகன் விமான நிலையத்துக்கு நண்பரை வரவேற்கப் போன ஒரு கல்லூரி மாணவியைத் துப்பாக்கி முனையில் கைது செய்தார்கள். அவர் ஸ்வெட்ஷர்ட்டின் நெஞ்சில் இருந்தது சில எல்இடிகள் செருகிய ஒரு பிரெட்போர்டும் (ஈயம் வைக்காமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் ஓட்டைப் பலகை) ஒரு 9 வோல்ட் பேட்டரியும், அவ்வளவே.

சென்னை மெட்ரோவில் பையை ஸ்கேனருக்குள் விட்டுத்தான் போக வேண்டும். பேட்டரியைக் கழற்றித் தனிக் கவரில் போடுங்கள். பலகையை ஒளிக்காமல், பிள்ளையின் ரோபோத் தலையோடு சேர்த்துக் கையில் எடுத்துப் போங்கள். தலையைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிடும். எண்கள் இறங்கும் கடிகாரம், உருளைகளைக் கட்டி ஒயர் சுற்றிய அலங்காரம் இரண்டும் பலகையில் வேண்டவே வேண்டாம். விமான நிலையம் என்றால் பலகையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

போன வருஷம் எரிந்தது, இந்த வருஷம் பரணிலிருந்து எடுத்தால் எரியவில்லை

பேட்டரியைக் கழற்றாமல் வைத்திருக்கிறீர்கள். பெட்டியைத் திறந்தால் வெள்ளையாகப் பூத்திருக்கும். அல்கலைன் பேட்டரியிலிருந்து கசிந்த காரம் அது. வெறும் கையால் தொடாதீர்கள், கண்ணைத் தேய்க்காதீர்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை எலுமிச்சைச் சாற்றில் நனைத்துத் துடைத்தால் நுரைத்து அடங்கும். ஈரத்துணியால் இன்னொரு முறை துடைத்துக் காயவைத்து, ஸ்பிரிங்கை உப்புத்தாளால் தேயுங்கள். ஸ்பிரிங் பச்சை பாய்ந்து கையோடு உதிர்ந்து வந்தால் அதோடு மல்லுக்கட்டாமல் புதுப் பெட்டி வாங்கி மாட்டுங்கள். ஒயரையும் ஒரு விரற்கடை வெட்டிவிட்டுப் புதிதாக ஈயம் வையுங்கள்; அந்தக் காரம் ஒயருக்குள்ளும் ஏறியிருக்கும், கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காது.